தாக்ஸ்டன் என்ற பெயர் நமக்கு வேண்டாம்

மேரிடன், ஜார்ஜியா
நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கர்த்தர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஓரிகனில் நீயும் எரிக்கும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் பையனும் அதே தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பாவின் தோள்பட்டை வலி பரவாயில்லை, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து காபிக் கோப்பையைத் தவிர வேறு எதையும் அவர் தூக்குவதில்லை. இந்த வருஷம் பீக்கன் கொட்டை நன்றாக விழுந்திருக்கிறது, காற்றில் பச்சையாக உதிர்ந்தது போக மீதி எல்லாம் ஓடு நிறையப் பருப்பு. காலையில் நான் கொட்டை வாங்கும் கடைக் கதவைத் திறப்பதற்கு முன்பே மூட்டைகளோடு வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, கொல்லையில் ஒரே மரம் வைத்திருப்பவனும் வரிசையில் நின்றுகொண்டு தன் கொட்டைதான் ஜில்லாவிலேயே உசத்தி என்று சத்தியம் செய்கிறான். இவ்வளவு வேலைக்கு நடுவில் ஏன் கடிதம், போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ இரண்டு சொல்லுவாய், பிறகு அம்மா இங்கே சிக்னல் சரியில்லை என்பாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ அனுப்பிய ஸ்கேன் படம் வந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், மூக்கு நம் பக்கத்து மூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் மேகமூட்டம்தான் தெரிந்தது, இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பையனுக்குத் தாக்ஸ்டன் என்று பெயர் வைக்கப் போகிறோம், கேட்கவே வலுவாக, பழமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எரிக்கின் குடும்பப் பெயரோடு சேர்த்தால் தாக்ஸ்டன் லிண்ட்குவிஸ்ட். தராசுக்குப் பக்கத்தில் நின்று இதை உரக்கச் சொல்லிப் பார்த்தேன் மார்லா. ஒரு குழந்தையைக் கூப்பிட்ட மாதிரி இல்லை, கோர்ட்டுக்கு எதிர் மாடியில் இருக்கிற வக்கீல் ஆபீஸ் போர்டைப் படித்த மாதிரி இருந்தது. வலுவான பெயர் என்கிறாய், அது இதுவரைக்கும் எந்த மூட்டையைத் தூக்கியது என்று எனக்குச் சொல். உன்னை மட்டும் சொல்லவில்லை, இப்போது ஊரே இப்படித்தான் கெட்டுக் கிடக்கிறது. போன மாதம் என் சிநேகிதி எர்லினோடு அவள் பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். மேடையேறிய பிள்ளைகளின் பெயரை டீச்சர் வாசித்தாள், ஹட்சன், சட்டன், பெக்கெட், ஹோலிஸ், பிரெஸ்காட், எல்லாம் தாக்ஸ்டன் மாதிரிக் குடும்பப் பெயர், ஒன்றாவது பிள்ளைக்கு வைக்கிற பெயராக இல்லை. தவறிப்போய் பாங்க் டைரக்டர்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஹோலிஸ் முயல் காது மாட்டிக்கொண்டு மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான். பிரெஸ்காட் பெண் பிள்ளையாம். அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லாரும் என் கடைக்குக் கொட்டை போட வருகிறவர்கள்தான், அவர்களில் ஒருத்தி வீட்டிலும் ஹோலிஸும் இல்லை, பிரெஸ்காட்டும் இல்லை, பட்டியலில் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். கடையில் தொங்குகிற அடுத்தவன் கோட்டை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டி அழகு பார்க்கிற வேலை.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்பது அங்கே போன பிறகு உனக்கு மறந்துபோயிருக்கும். நிலமுள்ள பெரிய வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனால் அவள் பிறந்த வீட்டுப் பெயர் அவளோடு நின்றுவிடக் கூடாது என்று, தன் மூத்த பிள்ளைக்கு அந்தக் குடும்பப் பெயரையே முதல் பெயராக வைப்பாள். பெயரைக் கேட்ட உடனே இவன் அம்மா எந்த வீடு, தாத்தா யார், எந்தத் தோப்பு இவனுக்கு வரும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அது பெயர் இல்லை, வேலி. நிலம் இல்லாதவர்கள் நாங்கள் ராய் என்றும் ஜிம் என்றும் பைபிளிலோ காலண்டரிலோ கிடைத்ததை வைத்துக்கொண்டோம். என் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்காக்ஸ். சொல்லிப் பார், தொண்டையில் மீன் முள் மாட்டின மாதிரி இருக்கும். உலகம் தோன்றின நாளிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆகா, இவனுக்கு ஸ்காக்ஸ் என்று வைப்போம் என்று சொன்னவர் யாரும் கிடையாது. குடும்பப் பெயரை முன்னால் வைப்பது அழகு என்கிறவர்கள் எல்லாருக்கும் அழகாகத் தெரிவது பணக்காரன் பெயர்தான், அதைக் கவனித்தாயா? என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். நம் பீக்கன் மரங்களுக்கும் ஸ்டூவர்ட், எலியட் என்று மனிதர்களின் குடும்பப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் எலியட் என்று சொன்னால் அந்த முதல் எலியட் மரத்தின் கிளையிலிருந்து ஒட்டுக் கட்டி வந்த மரமாக இருக்க வேண்டும். எங்கேயோ கிடந்த கொட்டை முளைத்து வந்த மரத்துக்கு எலியட் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவன் என்னிடம் வந்தால், ஒரு கொட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். என் பேரனையும் அப்படி யாரும் உடைத்துப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, பெயர் பிடிக்கவில்லை என்றால் கிழவி முணுமுணுத்துவிட்டுப் போகட்டும் என்று நீ விட்டுவிடலாம், நானும் விட்டிருப்பேன். அதற்குள் இங்கே நடந்தது வேறு. உன் அப்பா சும்மா இருப்பாரா, புதன்கிழமை சர்ச் சாப்பாட்டில் கோழியையும் சோள ரொட்டியையும் தட்டில் குவித்துக்கொண்டு, எங்க மார்லாவுக்கு ஜனவரியில பையன் பொறக்கப் போறான், தாக்ஸ்டன்னு பேரு என்று மேஜை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். மேஜையில் ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை, கிழங்கு தீர்ந்துவிடுமே என்ற கவலையில் இருந்தேன். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது எர்லின் என்னை ஓரமாக இழுத்தாள். "ஏண்டி நடீன், இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடுறேன், நீ தாக்ஸ்டன் வீட்டு ரத்தம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?" என்றாள். என்ன ரத்தம், எந்த ரத்தம் என்று கேட்டேன். "போடி, பின்ன உம்பொண்ணு எதுக்கு அந்தப் பேரை வைக்கிறா? எந்த ஊர்லயாவது சம்பந்தமில்லாம வைப்பாங்களா? உங்கம்மா அந்த வீட்டுலதானே வேலை பாத்தாங்க, எனக்கு எல்லாம் இப்பத்தான் வௌங்குது" என்று சொல்லி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள். எர்லின் மூச்சு விட மாட்டேன் என்றால் பொழுது சாய்வதற்குள் ஜில்லா முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அதுதான் நடந்தது. நான், உன் அம்மா, செத்துப்போன நீதிபதி தாக்ஸ்டனுக்குக் கள்ளத்தனமாகப் பிறந்தவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த ரகசியத்தை நான் உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறேனாம், நீ பையன் பெயரில் அதைப் போட்டு உடைத்துவிட்டாயாம். பாங்கில் இருக்கிற பெண் இதுவரை என்னைப் பார்த்து அரைப் பல் காட்டியவள், இப்போது முப்பத்திரண்டையும் காட்டுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொட்டை போட வந்த ஒருவன் தராசில் கை வைத்துக்கொண்டு, "உங்க யாவார மூளை எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது, மிஸ் நடீன், பெரிய எடத்து வித்து" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையில் ரோட்டோரக் கொட்டையைப் பொறுக்கி விற்க ஆரம்பித்தவள் நான். ஈரக் கொட்டையை வாங்கி ஏமாந்து, சாக்கின் அடியில் கல் வைத்துக் கட்டினதை வாங்கி ஏமாந்து, கையில் எடுத்தாலே உள்ளே என்ன என்று தெரிகிற அளவுக்குத் தேறி வந்தேன். அந்த மூளையும் இப்போது நீதிபதி போட்ட பிச்சை ஆகிவிட்டது!

என் விஷயம் போகட்டும், எனக்கு வாய் இருக்கிறது, பேசிக்கொள்வேன். என் அம்மாவுக்கு இப்போது வாய் இல்லை. ஓலா ஸ்காக்ஸ் அந்த வீட்டில் துணி தேய்த்தாள், அதுதான் அவள் அங்கே செய்தது, வேறொன்றும் செய்யவில்லை. பின்வாசல் வழியாகப் போவாள், பின்வாசல் வழியாக வருவாள், சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் அவள் காலை வைத்ததில்லை. நீதிபதி பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் தீர்ப்பைவிட அவர் காலர்தான் விறைப்பாக நிற்கும் என்று ஊரில் பேசுவார்கள், அது அம்மாவின் கஞ்சி. வீட்டுக்கு வந்தால் அவள் புறங்கையில் சூட்டுத் தழும்பு புதிதாக ஒன்று இருக்கும், அதில் வெண்ணெய் தடவிக்கொண்டு எங்களுக்குச் சோளக் கஞ்சி காய்ச்சுவாள். அவள் ஒரு ஆள் வாயிலும் விழுந்ததில்லை, விழ இடம் கொடுத்ததும் இல்லை. செத்தபோது விட்டுப்போனது ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஒரு நல்ல பெயரும். இஸ்திரிப் பெட்டியை உன் அப்பா கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். நல்ல பெயரை நீ ஸ்கேன் படத்தின் அடியில் ஒரு வரி எழுதிக் காலி செய்துவிட்டாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். பள்ளி பஸ் ஜன்னலில் உட்கார்ந்து அந்த வீட்டு வெள்ளைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே போயிருப்பாய், அழகாக இருந்திருக்கும், பெயரும் அழகாகத் தோன்றியிருக்கும். அங்கே போய் இத்தனை வருஷம் ஆன பிறகு, இங்கே யாருக்கு என்ன தெரியப் போகிறது என்றுகூட எழுதியிருக்கிறாய். அங்கே யாருக்கும் தெரியாது, சரிதான். என் அம்மா புதைந்திருப்பது இங்கே.

இதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மிஸ் அகஸ்டா வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், நீதிபதியின் ஒரே மகள், கல்யாணம் கட்டாதவள், தாக்ஸ்டன் என்று சொல்லிக்கொள்ள இந்தப் பூமியில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். அந்தப் படகு மாதிரிக் காரை அவளே ஓட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற வண்டிகளை எல்லாம் நிற்கவைத்துவிட்டு நேராகத் தராசு வரைக்கும் வந்து நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் என் கடைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஆற்றங்கரையில் அவள் தோப்பு இருக்கிறதே, ஜில்லாவிலேயே பழைய ஸ்டூவர்ட் மரங்கள், அந்த விளைச்சலை எனக்குக் கொடுங்கள் என்று நான் வருஷா வருஷம் கேட்பேன், நம்ம ஊர்ல அதுக்குத் தகுந்த ஆள் இல்லையே நடீன் என்று சொல்லிவிட்டு அவள் அல்பனியில் இருக்கிற வியாபாரிக்கு அனுப்புவாள். தகுந்த ஆள் யார் என்றால் பின்வாசலில் வந்தவளின் மகளாக இல்லாதவன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் கையுறையோடு வந்து என் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளிக் கோப்பை ஒன்றை எடுத்தாள். நீதிபதி குழந்தையாக இருந்தபோது பால் குடித்த கோப்பையாம். "எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் இருந்துச்சு நடீன், உன் நெத்தி அப்படியே எங்கப்பா நெத்தி" என்றாள், கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன், "மிஸ் அகஸ்டா, இது எங்கப்பா ஹோய்ட் ஸ்காக்ஸ் நெத்தி, வெயில்ல காஞ்சு காஞ்சு இப்படி ஆச்சு. எங்கம்மா உங்க வீட்டுல சட்டையத்தான் தேச்சா, சட்டைக்குள்ள இருந்த ஆளை இல்ல." பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அவர்களைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். பிறகு, என் மகள் அந்தப் பெயரை அழகுக்காக எடுத்தாள், அதற்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பக்குவமாகவே சொன்னேன்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கோப்பையைக் கையுறையால் துடைத்துக்கொண்டே, "இல்லைன்னா இல்லைன்னே இருக்கட்டும், நீ அதை வெளியில சொல்லாம இருந்தா போதுமே" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. "எனக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்ல ஆள் இல்ல நடீன். ஊரு நம்பிடுச்சு, நம்பிட்டுப் போகட்டும். பையன் அந்தப் பேரோட இருந்தா ஆத்தங்கரைத் தோப்பு அவனுக்கு, அவன் பெரியவனாகிற வரைக்கும் நீ பாத்துக்க, இந்த வருஷத்து வௌச்சல்லேருந்தே எடுத்துக்க" என்றாள். உங்கப்பா மானம் போகுமே என்றேன். "அவர் போய் எத்தனையோ காலம் ஆச்சு, மானத்தை வச்சு அவர் இப்ப என்ன பண்ணப் போறார், பேரு நின்னா சரி" என்றாள் அந்த மகராசி. பார் மார்லா, உசந்த குடும்பம் என்று நாம் அண்ணாந்து பார்த்ததெல்லாம் இதுதான். பெயர் நிற்க வேண்டும் என்பதற்காகப் பெற்ற அப்பனைக் கூத்தி வைத்திருந்தவன் என்று ஊர் சொல்ல விடுகிறாள், அதற்கு ஒரு தோப்பையும் தூக்கிக் கொடுக்கிறாள். உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த மரங்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. என் தொழிலில் ஆசைப்பட்டு எனக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒன்றுதான். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும், அதைவிட மலிவாக ஒரு சரக்கு எனக்கு எப்போது கிடைத்தது? ஆனால் அந்தப் பொய்யில் பாதி அவள் அப்பா, மீதிப் பாதி என் அம்மா. "உங்கப்பா உங்க சொத்து மிஸ் அகஸ்டா, நீங்க வித்துக்கலாம். எங்கம்மா என் சொத்து, அது விலைக்கு இல்ல" என்று சொன்னேன். அவள் கோப்பையைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனாள், காரைத் திருப்பும்போது என் மூட்டை அடுக்கை இடித்துவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோப்பு போச்சா என்று கேட்டார், போச்சு என்றேன், சரி சோள ரொட்டி மிச்சம் இருக்கா என்று கேட்டார். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த புதன்கிழமை சர்ச் சாப்பாட்டில் நானே எழுந்து நின்று, என் அம்மா யாருக்கும் வைப்பாட்டி இல்லை, நான் ஹோய்ட் ஸ்காக்ஸ் மகள், சந்தேகம் இருக்கிறவர்கள் இப்போதே கேட்கலாம் என்று சொன்னேன். பாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கிழங்குப் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டார்கள். வெளியே வரும்போது எர்லின் என் தோளில் கை போட்டு, "பாவம்டி நீ, மனசுல எவ்வளவு இருந்தா இப்படி எந்திரிச்சு நின்னு சொல்லுவ" என்றாள். புரிகிறதா? நான் மறுத்தால் அது உறுதியாகிறது, சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகிறது. எர்லின் அந்தப் பெயரைக் குழந்தைத் துண்டுகளில் எல்லாம் நீல நூலால் தைத்து வேறு வைத்திருக்கிறாள், இந்த ஊர்க்காரிகள் கையில் தைக்கிற மிஷின் இருந்தால் நாய்க்குட்டி மேல்கூடப் பெயரைத் தைத்துவிடுவார்கள். நான் என்ன பேசினாலும் அதைத் தாண்டி ஒரு கேள்வி நிற்கிறது, அப்படியானால் உன் மகள் ஏன் அந்தப் பெயரை வைக்கிறாள்? அதற்குப் பதில் என் வாயில் இல்லை, உன் கையில் இருக்கிறது. பையன் பிறந்து ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கும்போது வேறு பெயரைச் சொன்னாயானால் இங்கே ஒரே வாரத்தில் எல்லாம் புஸ்ஸென்று அடங்கிவிடும், இவர்களுக்கு மெல்ல அடுத்த வீட்டுக் கதை கிடைத்துவிடும். தாக்ஸ்டன் என்று சொன்னாயானால் அது அவன் இருக்கிற வரைக்கும் நிற்கும், என் அம்மாவும் அதோடு நிற்பாள். அந்தப் பெயருக்கு ஒரு தோப்பு விலை வந்தது, நான் வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். நான் தோப்போடு சேர்த்து வேண்டாம் என்றதை நீ ஓசியில் எடுத்து வைத்துக்கொள்வதா?

அப்படியானால் என்ன பெயர் வைப்பது என்று கேட்பாய். அது உன் பாடு, எரிக் பாடு. எரிக்கின் அப்பா பெயர் நீல்ஸ்தானே, அதில் என்ன குறை, வாயில் ஒரே மடக்கு. பெயரைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வழி சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரைக் கத்திப் பார், பக்கத்து வீட்டுக்காரன் நீ வக்கீலைக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தால் அதை விட்டுவிடு. என்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று ஸ்காக்ஸ் என்று வைத்துத் தொலைத்துவிடாதே, பையன் என்ன பாவம் செய்தான்? அப்பாவின் குடும்பப் பெயர் பர்விஸும் வேண்டாம், அவர் கொஞ்சம் முகம் வாடுவார், ஒரு துண்டு கேக் கொடுத்தால் சரியாகிவிடும். எந்த வம்சத்திலிருந்து வந்தது என்று யாரும் திரும்பிப் பார்க்காத பெயராக, அவன் பெயராக மட்டும் இருக்கட்டும், பெரியவனான பிறகு அதில் எதை ஏற்றிக்கொள்கிறானோ அது அவன் சம்பாத்தியம். அதையும் மீறி நீ தாக்ஸ்டன் என்றுதான் வைத்தாயானால் நான் சண்டை போட மாட்டேன், ஜனவரியில் சொன்னபடி வருவேன், குளிப்பாட்டுவேன், தூங்கவைப்பேன், டேய் பையா என்றுதான் கூப்பிடுவேன். அவன் கல்யாணத்திலும் அப்படியே கூப்பிடுவேன். தின்பண்டம் என் கையில் இருக்கும், அவன் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான், நீ என்ன பெயர் வைத்திருந்தாலும்.

நான் சும்மாவும் இருக்கவில்லை. நேற்றுக் கடைப் போர்டை அழித்துப் புதிதாக எழுதச் சொன்னேன். இதுவரை பர்விஸ் பீக்கன் கொள்முதல் என்றுதானே இருந்தது, இப்போது என் முழுப் பெயரையும் போடச் சொன்னேன், அதில் ஸ்காக்ஸ் மட்டும் மற்ற இரண்டைவிடப் பெரிய எழுத்தில். போர்டு எழுத வந்தவன், "மூணும் ஒரே அளவா இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும் மேடம்" என்றான், காசு யார் கொடுக்கிறது என்று கேட்டேன், பிறகு பேசாமல் எழுதினான். மிஸ் அகஸ்டா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக அந்த ரோட்டைத் தவிர வேறு வழியில்லை. அம்மாவின் பெயரை இந்த ஊரில் யாரும் எந்தப் போர்டிலும் எழுதி வைத்ததில்லை, இப்போது மின்விளக்கோடு நிற்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நிற்கும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நில், அந்த மழை ஊரில் ஈரச் செருப்போடு நடக்காதே. இரண்டு பெட்டி உடைத்த பீக்கன் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று எரிக்கின் அம்மாவுக்கு, மாற்றிக் கொடுத்துவிடாதே, உன் பெட்டியில்தான் முழுப் பருப்பு இருக்கிறது. எரிக்கிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், அவனுக்கு இங்கத்து விவரம் தெரியாது, கோபம் எல்லாம் உன் மேல்தான். நீ சுகமாகப் பெற்றுப் பிழைக்கக் கர்த்தர் அருளட்டும், பையன் கை கால் நன்றாக, நல்ல குரலோடு வந்து சேரட்டும், வீடு நிறையட்டும். இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முன்னால் பெயர் மாறிவிட்டது என்று எனக்குப் போன் செய், அன்றைக்கு சிக்னல் சரியில்லை என்று சொல்லாதே. அந்தப் பண்டிகைச் சாப்பாட்டில் எர்லின் என் எதிரில் உட்காருவாள், அவளிடம் சொல்ல என் கையில் ஒரு பெயர் வேண்டும்.

உன் அம்மா,
நடீன் ஸ்காக்ஸ் பர்விஸ்